ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்ஸஸ்: மறுபடியும் பார்க்க உட்காருபவர்கள் கேட்கும் கேள்விகள்

பெயர் மட்டும் கேள்விப்பட்டிருக்கிறேன். என்ன தொடர் இது?

தென்கிழக்கு லண்டனில் பெக்கம் என்று ஒரு பகுதி. அங்கே நெல்சன் மண்டேலா ஹவுஸ் என்ற அடுக்குமாடியில் அண்ணன் டெல் பாய், தம்பி ராட்னி, அவர்களுடைய தாத்தா மூன்று பேரும் குடியிருக்கிறார்கள். டெல்லுக்கு வேலை வியாபாரம். லைசென்ஸ் கிடையாது, வரி கிடையாது. சந்தை ஓரத்தில் சூட்கேஸைத் திறந்து வைத்துக் கூவி விற்பார், போலீஸ் வந்தால் மூடிக்கொண்டு ஓடுவார். மூன்று சக்கரத்தில் ஓடும் அழுக்கு மஞ்சள் வேன் ஒன்று உண்டு. அதன் பக்கவாட்டில் கம்பெனி பெயரும் நியூயார்க், பாரிஸ், பெக்கம் என்று மூன்று கிளைகளும் எழுதியிருக்கும். "அடுத்த வருஷம் இந்நேரம் நாம மில்லியனர்" என்பது டெல்லின் நிரந்தர நம்பிக்கை.

பிபிசி ஒன்னில் 1981 செப்டம்பர் 8 அன்று தொடங்கி, 1991 வரை ஏழு சீசன்களாகவும் 2003 வரை கிறிஸ்துமஸ் சிறப்பு எபிசோடுகளாகவும் வந்தது. மொத்தம் 64 எபிசோடுகள். அத்தனையையும் எழுதியவர் ஜான் சல்லிவன் ஒருவர்தான். டெல்லாக டேவிட் ஜேசன், ராட்னியாக நிக்கலஸ் லிண்ட்ஹர்ஸ்ட். இதிலிருந்து கிளைத்த தொடர்கள் இரண்டு: தி கிரீன் கிரீன் கிராஸ் (2005–2009), ராக் அண்ட் சிப்ஸ் (2010–2011).

ஜோக்கெல்லாம் தெரியும். மறுபடி பார்க்க என்ன இருக்கிறது?

அம்மா இருக்கிறார். ஜோன் டிராட்டர் கதை தொடங்குவதற்குப் பல வருஷம் முன்பே இறந்துவிட்டவர். ராட்னி அப்போது கைக்குழந்தையைத் தாண்டிய வயது, டெல் பதின்ம வயதுப் பையன். கொஞ்ச நாளில் அப்பா ரெஜ்ஜும் வீட்டை விட்டுப் போய்விட, தம்பியை வளர்க்கும் பொறுப்பு டெல் தலையில் விழுந்தது.

முதல் தடவை பார்க்கும்போது இதெல்லாம் பின்னணித் தகவலாகக் கடந்துபோகும். "அம்மா சாகும்போது என்கிட்ட சொன்னாங்க" என்று டெல் ஆரம்பித்தால் ராட்னி அலுத்துக்கொள்வான், நாமும் சிரிப்போம். ஏனென்றால் ராட்னி முரண்டு பிடிக்கும் ஒவ்வொரு முறையும், அவனை மடக்க டெல் அம்மாவின் கடைசி வார்த்தைகளைத்தான் எடுப்பார். மறுபடி பார்க்கும்போது அதே வசனம் வேறு மாதிரி கேட்கிறது. அம்மாவை இழந்த அந்த வயதில் டெல்லுக்கு உலகத்தில் மிச்சமிருந்த ஒரே அதிகாரம் அந்த வாக்குத்தான் என்று புரியும். டெல்லின் பேராசை, பொய், தம்பியைக் கைக்குள்ளேயே வைத்திருக்கும் பிடிவாதம் எல்லாமே அங்கிருந்துதான் வருகின்றன. முதல் எபிசோடிலேயே ராட்னி கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போகிறான், திரும்பி வருகிறான். தொடர் முழுக்க டெல்லுக்கு இருக்கும் ஒரே பயம் அதுதான்: யாராவது விட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

1986-ல் வந்த ஹூ வான்ட்ஸ் டு பி எ மில்லியனர் எபிசோடை இந்த எண்ணத்தோடு பாருங்கள். பழைய நண்பன் ஜம்போ மில்ஸ் ஆஸ்திரேலியாவில் தொழில் கூட்டுக்கு அழைக்கிறான். வாழ்நாள் முழுக்கக் கேட்ட வாய்ப்பு. ஆனால் ராட்னி மேல் பழைய கஞ்சா வழக்கு ஒன்று இருப்பதால் அவனுக்கு விசா கிடைக்கவில்லை. "நீ போ" என்று ராட்னியே சொல்கிறான். டெல் போனை எடுத்து வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார். அந்தச் சமயத்தில் ஜேசன் தொடரை விட்டு விலகக்கூடும் என்ற நிலை இருந்தது. அப்படி நடந்தால் டெல்லை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிவிட்டு, ராட்னியை வைத்து ஹாட்-ராட் என்ற தனித் தொடர் எழுத சல்லிவன் யோசித்திருந்தார். ஜேசன் தொடர்ந்ததால் அது எழுதப்படவில்லை. எழுதப்படாமல் போனதில் எனக்கு மகிழ்ச்சிதான். டெல் போய்விட்டால் டெல்லாக இருக்க முடியாது.

எந்த வரிசையில் பார்க்க வேண்டும்? ராக் அண்ட் சிப்ஸில் கதை 1960-ல் நடக்கிறது, அதை முதலில் பார்க்கலாமா?

வேண்டாம். இதில் நான் உறுதியாக இருக்கிறேன். முன்கதை என்பதால் அதிலிருந்து தொடங்கத் தோன்றும். ஆனால் அது மூலத்தொடர் முழுவதையும் பார்த்தவர்களுக்காக எழுதப்பட்டது. 22 வருஷம் ஒளித்து வைத்த ரகசியத்தை அது முதல் மணி நேரத்திலேயே திறந்து காட்டிவிடும்.

வெளியான வரிசைதான் சரி: மூலத்தொடர் 2003 வரை, பிறகு தி கிரீன் கிரீன் கிராஸ், கடைசியாக ராக் அண்ட் சிப்ஸ். ஏற்கெனவே ஒருமுறை எல்லாம் பார்த்தவர் என்றால் ஒரு மாற்று வழி உண்டு. 1987-ன் தி ஃபிராக்ஸ் லெகசி, 2003-ன் ஸ்லீப்லெஸ் இன் பெக்கம், அடுத்து ராக் அண்ட் சிப்ஸின் மூன்று பகுதிகள். இந்த ஐந்தும் சேர்ந்து ஒரே கதை. அதை முடித்துவிட்டு 1981-க்குப் போனால் ஒவ்வொரு காட்சியிலும் ஜோன் தெரிவார்.

முதல் சீசன் கொஞ்சம் மந்தமாக இருக்கிறதே?

ஆமாம். அப்போது பார்த்தவர்களும் குறைவுதான். முதல் சீசனின் தொடக்க இசையே வேறு. இன்று எல்லோருக்கும் தெரிந்த பாட்டு இரண்டாம் சீசனில்தான் வந்தது, அதை எழுதிப் பாடியவரும் சல்லிவனே. பொறுமை இல்லை என்றால் முதல் எபிசோடைப் பார்த்துவிட்டு இரண்டாம் சீசனுக்குத் தாவுங்கள், பெரிதாக எதுவும் தவறாது.

நாலாவது சீசனில் தாத்தா திடீரென்று இல்லையே, ஏன்?

தாத்தாவாக நடித்த லெனார்ட் பியர்ஸ் 1984 டிசம்பரில், நாலாவது சீசன் படப்பிடிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே இறந்துவிட்டார். வேறு நடிகரை அதே வேடத்தில் போட்டு ஒப்பேற்றியிருக்கலாம். டிவியில் அது சகஜம். சல்லிவன் அதைச் செய்யவில்லை. தாத்தாவின் மரணத்தையே எழுதினார். ஸ்ட்ரெயின்ட் ரிலேஷன்ஸ் என்ற அந்த எபிசோட் 1985 பிப்ரவரியில் வந்தது. நகைச்சுவைத் தொடர் ஒன்று கல்லறையில் தொடங்குகிறது.

அதில் ராட்னி உடைந்துபோய் உட்கார்ந்திருக்கிறான். டெல் பப்பில் எல்லோரோடும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார். உனக்கு வருத்தமே இல்லையா என்று தம்பி சண்டைக்கு வருகிறான். அப்போது டெல் பேசுவதைக் கவனமாகக் கேளுங்கள். டெல் பாய் எதையும் தாங்குவான் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள், அவனுக்குத் துக்கப்படும் விதமே தெரியாமல் போய்விட்டது என்பதுதான் அதன் சாரம்.

இவ்வளவு கனமான எபிசோடிலும் சிரிப்பு இருக்கிறது. தாத்தாவின் நினைவாக அவருடைய தொப்பியைக் குழிக்குள் போடுகிறார்கள் அண்ணனும் தம்பியும். பிறகுதான் தெரிகிறது, அது பாதிரியாரின் தொப்பி. அழுகையையும் சிரிப்பையும் இவ்வளவு நெருக்கமாக வைத்து எழுத எத்தனை பேரால் முடியும்?

அந்த இறுதிச் சடங்குக்கு வருபவர்தான் தாத்தாவின் தம்பி அங்கிள் ஆல்பர்ட். வெள்ளைத் தாடி, கடற்படைக் கதைகள். நடித்த பஸ்டர் மெரிஃபீல்ட் அதற்கு முன்பு பேங்க் மேனேஜராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1999-ல் அவரும் காலமானார். 2001 எபிசோடில் ஆல்பர்ட்டின் மரணமும் கதைக்குள் வருகிறது.

பாரில் டெல் விழும் காட்சி ஏன் இவ்வளவு பிரபலம்? விழுவதில் என்ன இருக்கிறது?

1989 ஜனவரியில் வந்த யப்பி லவ் எபிசோட் அது. தாட்சர் காலம். பணக்கார இளைஞர்கள் நிறைந்த ஒயின் பாருக்கு டெல் தானும் ஒரு பெரிய புள்ளி போல உடுத்திக்கொண்டு போகிறார். பக்கத்தில் நண்பன் டிரிகர். பெண்கள் பார்க்கிறார்கள், அலட்டிக்கொள்ளாமல் இரு என்று டிரிகருக்குப் பாடம் எடுத்தபடி டெல் கவுண்டரில் சாய்கிறார். நடுவில் பார் ஊழியர் கவுண்டரின் மடிப்புப் பலகையைத் தூக்கிவிட்டுப் போனது அவருக்குத் தெரியாது.

காட்சி வேலை செய்வதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, ஜேசன் விழும் விதம். கை நீட்டுவதில்லை, முழங்கால் மடங்குவதில்லை, கண் கீழே போவதில்லை. விழப்போவது தெரியாத மனிதன் எப்படி விழுவானோ அப்படியே, மரம் சாய்வது போலப் பக்கவாட்டில் சாய்கிறார். இன்னொன்று டிரிகராக நடித்த ரோஜர் லாயிட் பேக். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறார். திரும்பினால் டெல்லைக் காணவில்லை. அந்தக் குழப்பமான முகம் இல்லாவிட்டால் அது வெறும் விழுதல்தான். மறுபடி பார்க்கும்போது கண்ணை டிரிகர் மேல் வைத்திருங்கள்.

1982-ன் எ டச் ஆஃப் கிளாஸில் வரும் சரவிளக்குக் காட்சியும் இதே இனம். டெல்லும் ராட்னியும் ஏணியில் நின்று விரிப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு சரவிளக்குக்குக் கீழே காத்திருக்கிறார்கள். மாடியில் தாத்தா போல்ட்டைக் கழற்றுகிறார். விழுவது பின்னால் இருக்கும் இன்னொரு சரவிளக்கு. ஒரே டேக்கில் எடுத்தாக வேண்டிய காட்சி. சல்லிவனின் அப்பா தன் வேலையிடத்தில் நடந்ததாகச் சொன்ன சம்பவத்திலிருந்துதான் இது பிறந்தது. கவனித்தால், விளக்கு விழுவதை விட அதற்கு முந்தைய அரை மணி நேரம் முக்கியம். ஒரு பிரபுவின் மாளிகையில் தங்களை நிபுணர்களாகக் காட்டிக்கொள்ள டெல் எடுக்கும் முயற்சி அத்தனையும் அந்த ஒரு நொடிக்காகக் கட்டப்படுகிறது.

1989-லிருந்து எபிசோடுகள் ஏன் நீளமாகின்றன?

ஆறாவது சீசனிலிருந்து அரை மணி நேரம் 50 நிமிடமானது. என் பார்வையில் தொடர் உண்மையில் வளர்ந்தது அப்போதுதான். முதல் ஐந்து சீசன்களில் பெண்கள் ஒரு எபிசோட் வந்து போவார்கள். 1988 கிறிஸ்துமஸுக்கு வந்த டேட்ஸில் டெல்லின் துணையாகப்போகும் ரகெல் வருகிறார், அடுத்த சீசனில் ராட்னியின் மனைவியாகப்போகும் கசாண்ட்ரா. ரகெலாக நடித்த டெஸ்ஸா பீக் ஜோன்ஸ் டெல்லின் அலட்டலை ஒரு பார்வையில் அடக்கிவிடுவார். ராட்னியின் கல்யாண எபிசோடின் கடைசியில், எல்லோரும் போன பிறகு டெல் மண்டபத்தில் தனியாக நிற்பார். வசனம் இல்லாத அந்த நிமிடத்துக்கு அரை மணி நேர வடிவத்தில் இடம் கிடைத்திருக்காது.

1996-ல் எல்லாம் அழகாக முடிந்துவிட்டதே. அதற்குப் பிறகு வந்தவற்றைப் பார்க்க வேண்டுமா?

1996 கிறிஸ்துமஸ் வாரத்தில் மூன்று எபிசோடுகள் வந்தன. மூடுபனியில் பேட்மேன், ராபின் வேஷத்தில் அண்ணனும் தம்பியும் ஓடுவது முதலாவதில். துடைப்பத்தை 20 வருஷம் பத்திரமாக வைத்திருந்ததற்கு டிரிகர் விருது வாங்குவதும் அதில்தான். தலை 17 முறையும் பிடி 14 முறையும் மாற்றிய துடைப்பம் அது. இரண்டாவதில் கசாண்ட்ராவுக்குக் கரு கலைந்துபோகிறது. மூன்றாவதில் ராட்னி அதைப் பற்றிப் பேசவே மறுக்க, டெல் லிஃப்ட் நின்றுபோனது போல நாடகமாடி அவனைப் பேச வைக்கிறார். நான் இந்தத் தொடரில் அதிகம் நேசிக்கும் காட்சி அது. தம்பியின் மனசைத் திறக்கக்கூட டெல்லுக்கு ஒரு ஏமாற்று வேலைதான் தெரிகிறது.

அதே எபிசோடில், கராஜில் வருஷக்கணக்காகக் கிடந்த ஒரு பழைய கடிகாரம் 18-ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற கடிகாரக் கலைஞர் ஜான் ஹாரிசன் செய்தது என்று தெரியவந்து, ஏலத்தில் 62 லட்சம் பவுண்டுக்குப் போகிறது. 2 கோடியே 43 லட்சம் பேர் பார்த்தார்கள். பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடர்களில் அது சாதனை.

2001-ல் தொடரைத் திரும்பக் கொண்டுவந்தபோது அந்தப் பணம் முழுவதையும் இழக்க வைத்தார்கள். பலருக்கு அது பிடிக்கவில்லை. 2001 முதல் 2003 வரை வந்த மூன்று எபிசோடுகளும் பழைய தரத்தில் இல்லை என்பது உண்மை. இருந்தாலும் கடைசியான ஸ்லீப்லெஸ் இன் பெக்கமைத் தவிர்க்காதீர்கள். அதில் ராட்னிக்கு ஒரு பழைய புகைப்படம் கிடைக்கிறது. படத்தில் இருப்பவன் ஃபிரெடி ராப்டல், பட்டப்பெயர் ஃபிரெடி தி ஃபிராக். அச்சு அசல் ராட்னியின் முகம். தன் அப்பா ரெஜ் இல்லை, அந்தத் திருடன்தான் என்று ராட்னிக்குத் தெரிகிறது. அவன் என்னைப் போல இருந்தானா என்று கேட்கிறான். டெல் ஃபிரெடியின் குற்றங்களை எல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, நீ அவனைப் போல இல்லவே இல்லை என்கிறார். ராட்னி தன் மகளுக்கு ஜோன் என்று பெயர் வைக்கிறான்.

தி கிரீன் கிரீன் கிராஸ் பார்க்கத் தகுந்ததா?

எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டால், ஆமாம். பழைய கார் வியாபாரி பாய்சி, மனைவி மார்லீன், மகன் டைலர். டிரிஸ்கல் சகோதரர்கள் என்ற ரவுடிகள் ஜெயிலிலிருந்து வெளியே வருகிறார்கள் என்று தெரிந்ததும், குடும்பத்தோடு ஷ்ராப்ஷையருக்கு ஓடிப்போய்ப் பண்ணை வாங்குகிறார் பாய்சி. விவசாயமும் தெரியாது, ஊரும் புரியாது. நான்கு சீசன்கள். பண்ணையாகக் காட்டப்படும் இடம் ஹெரிஃபோர்ட்ஷையரில் பாய்சியாக நடித்த ஜான் சாலிஸுக்கு அப்போது சொந்த வீடாக இருந்த விக்மோர் அபி.

கிராமத்து ஆட்களை வைத்துச் செய்யும் ஜோக்குகள் சீக்கிரம் திரும்பத் திரும்ப வர ஆரம்பித்துவிடும். சாலிஸும் மார்லீனாக நடித்த சூ ஹோல்டர்னஸும் சேர்ந்து வரும் காட்சிகள் மட்டும் கடைசிவரை சோடை போவதில்லை. மூலத்தொடரில் நீண்ட காலம் குழந்தை இல்லாமல் தவித்த தம்பதி இவர்கள். பாய்சி எவ்வளவு சீறினாலும் மார்லீன் இல்லாமல் அவருக்கு ஒரு நாள் நகராது என்று இங்கே தெரிகிறது. முதல் சீசன் போதும், பிடித்தால் தொடருங்கள்.

ராக் அண்ட் சிப்ஸ் நகைச்சுவைத் தொடரா? எனக்குச் சிரிப்பே வரவில்லை.

அதில் சிரிப்பொலி கிடையாது. அது நாடகம், நடுநடுவே சிரிப்பு வரும். 1960, பெக்கம். பதின்ம வயது டெல்லாக ஜேம்ஸ் பக்லி. ஆனால் கதை அவனுடையது இல்லை, ஜோனுடையது. கெல்லி பிரைட் அந்த வேடத்தில் அற்புதமாகச் செய்திருக்கிறார். சம்பாதிக்காத, குடிக்கிற கணவன். மேலதிகாரியின் தொல்லையைப் பொறுத்துக்கொண்டு தியேட்டரில் வேலை. புதிதாகக் கட்டிய அடுக்குமாடியில் ஒரு ஃபிளாட் கிடைத்ததில் கொள்ளை மகிழ்ச்சி. அந்த வாழ்க்கைக்குள் ஃபிரெடி வருகிறான். அந்த வேடத்தில் நிக்கலஸ் லிண்ட்ஹர்ஸ்ட்! ராட்னியாக 22 வருஷம் நடித்தவர் ராட்னியின் அப்பாவாக வருகிறார். அதே முகத்தில் ராட்னியின் தயக்கம் துளியும் இல்லை. நிதானமான, ஆபத்தான, ஜோன் விஷயத்தில் மட்டும் இளகிவிடுகிற ஒரு மனிதன்.

டெல் சொல்லிச் சொல்லியே தெய்வமாக்கிய அம்மா இங்கே ரத்தமும் சதையுமாக, ஆசையும் பயமும் உள்ள இளம் பெண்ணாக இருக்கிறார். இதைப் பார்த்த பிறகு தி ஃபிராக்ஸ் லெகசிக்குத் திரும்புங்கள். ஃபிரெடி தன் சொத்து முழுவதையும் ஜோனுக்கு எழுதி வைத்தான் என்று அதில் சொல்வார்கள். 1987-ல் அது புதையல் வேட்டைக்கான ஒரு சாக்கு. இப்போது அது ஒரு காதல் கதையின் கடைசிப் பக்கம்.

மூன்றாவது பகுதி 2011 ஏப்ரல் 28-ல் ஒளிபரப்பானது. சல்லிவன் ஏப்ரல் 22-ல் இறந்துவிட்டார். ஜோனின் மரணம் வரைக்கும் கதை போகவே இல்லை.

இன்று கேட்டால் நெருடும் வசனங்கள் இருக்கின்றனவா?

இருக்கின்றன, முக்கியமாகத் தொடக்க சீசன்களில். இனத்தைக் குறிக்கும் வசைச் சொற்களைத் தாத்தாவும் மற்றவர்களும் சாதாரணமாகப் பேசுவார்கள். பெண்களைப் பற்றிய ஜோக்குகளில் சில சகிக்காது. குழந்தைகளோடு பார்ப்பதாக இருந்தால் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். அதே தொடரில் டென்சில் என்ற கறுப்பின லாரி ஓட்டுநர் டெல்லின் பள்ளிக்கால நண்பராக, எந்த விசேஷ விளக்கமும் இல்லாமல் கூட்டத்தில் ஒருவராக வருகிறார். இரண்டையும் பார்த்துத்தான் அந்தக் காலத்தைப் புரிந்துகொள்ள வேண்டும்.

பேச்சு புரியவில்லையே?

ஆங்கில சப்டைட்டில் போட்டுப் பாருங்கள். தென் லண்டன் பேச்சு வேகமானது, கொச்சையும் அதிகம். டெல் பேசும் பிரெஞ்சு புரியாவிட்டால் கவலை வேண்டாம், அது அவருக்கும் புரியாது.

லண்டன் போனால் அந்தக் கட்டடத்தைப் பார்க்கலாமா?

பெக்கமில் தேடினால் கிடைக்காது. தொடக்க ஆண்டுகளில் காட்டியது மேற்கு லண்டன் ஆக்டன் பகுதியின் ஹார்லெக் டவர். பிறகு வெளிப்புறப் படப்பிடிப்பு பெரும்பாலும் பிரிஸ்டலுக்கு மாறி, ஆஷ்டன் பகுதியின் வைட்மீட் ஹவுஸ் மண்டேலா ஹவுஸ் ஆனது.

டிவிடியில் சில பாட்டுகள் மாறியிருக்கின்றனவா?

மாறியிருக்கின்றன. உரிமைப் பிரச்சினையால் சில எபிசோடுகளில் பின்னணிப் பாட்டு மாற்றப்பட்டோ வெட்டப்பட்டோ இருக்கும். 1986-ன் எ ராயல் ஃபிளஷ் தனிக் கதை. அவசரத்தில் எடுக்கப்பட்ட அதில் டெல் தம்பியின் காதலைக் கெடுக்கும் விதம் கொடுமையாக இருக்கும். சல்லிவனுக்கே திருப்தியில்லை, பிறகு டிவிடிக்காக நிறைய வெட்டி, சிரிப்பொலி சேர்த்தார்கள். இதை மட்டும் தாராளமாகத் தாண்டிப் போகலாம்.

அவ்வளவு நேரம் இல்லை. ஒரு வார இறுதிக்குள் பார்க்கிற மாதிரி சொல்லுங்கள்.

சனிக்கிழமைக்கு எ டச் ஆஃப் கிளாஸ், ஸ்ட்ரெயின்ட் ரிலேஷன்ஸ், ஹூ வான்ட்ஸ் டு பி எ மில்லியனர், தி ஃபிராக்ஸ் லெகசி, யப்பி லவ். இரவு தெம்பு இருந்தால் எல்லோரும் மார்கேட்டுக்குச் சுற்றுலா போகும் 1989-ன் தி ஜாலி பாய்ஸ் அவுட்டிங். ஞாயிறு காலையில் 1996-ன் மூன்று எபிசோடுகளையும் இடைவெளி விடாமல் பாருங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஸ்லீப்லெஸ் இன் பெக்கம், அதையடுத்து ராக் அண்ட் சிப்ஸின் முதல் பகுதி. அது 90 நிமிடம், எட்டு மணிக்குள் முடிந்துவிடும்.